கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டினோம்!



கரண்டும் தண்ணீரும் ஒன்று சேரக்கூடாது என்று நம் எல்லோருக்கும் சின்ன வயசிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். அப்படி வளர்ந்த நம்மிடம் வந்து, 'கம்ப்யூட்டருக்குள்ளே தண்ணி ஓடவிடப் போறேன்' என்று வீட்டுப் பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் அதைச் சொன்னது பையன் இல்லை, பெண். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டி, ஒரு கோடையும் ஒரு முகூர்த்த சீசனும் தாண்டிவிட்டது. இந்த ஆசை இப்போது பல வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பணம் கொடுக்கலாமா, வேண்டாம் என்று சொல்லலாமா, ஆபத்து ஏதும் உண்டா என்று நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பாரூர். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல்லிலிருந்து கால்வாயில் வந்து நிரம்பும் பெரிய ஏரியும், அரசாங்க மீன் பண்ணையும் உள்ள ஊர் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறை வருவார். பெண் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவள். ஷிப்ட் வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அது ஒத்துவராமல், இப்போது கல்யாண வீடியோக்களை வீட்டில் இருந்தே எடிட் செய்து கொடுக்கிறாள். ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். வெட்டி, ஒட்டி, பாட்டு சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாகக் கம்ப்யூட்டரை விட்டுத் தயாரிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் நேரம் பிடிக்கும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில்தான் முடியும்.

கம்ப்யூட்டர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். உள்ளே இருப்பது 2017-ல் வந்த இன்டெல் கோர் ஐ-7, 8700கே என்கிற சிப். ஆறு கோர். பழையதுதான், ஆனால் நல்ல உழைப்பாளி. போன சித்திரை, வைகாசியில் அது படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒரு வீடியோவை முடிக்க ஒன்பது மணி நேரம் ஆனது. அவள் ஒரு சின்ன புரோகிராமில் சிப்பின் சூட்டைக் காட்டினாள். 98, 99, 100. கொதிக்கிற தண்ணீரின் சூடு! இந்த சிப்புக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 3.2-க்கு இறங்கி நொண்டியடித்தது. ஸ்டுடியோக்காரர், 'இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா தர்மபுரியில வேற ஆள் இருக்கு' என்று போனில் சொல்லிவிட்டார். புதுக் கம்ப்யூட்டருக்கு முக்கால் லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் தண்ணீர், குழாய் என்று பேச்சை எடுத்தால் முதலில், 'தூசி தட்டினாயா?' என்று கேளுங்கள். எங்கள் ஊர் செம்மண் தூசி தெரியுமே. சிப்பின் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவும் பசை ஒன்று உண்டு, தெர்மல் பேஸ்ட் என்பார்கள். அது காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதுசாகத் தடவினாள். இந்த வேலைக்கு ஆன செலவு 350 ரூபாய். ஒன்பது மணி நேரம் எட்டானது. பல வீடுகளில் இதோடு விஷயம் முடிந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் பெரிய சைஸ் காற்றாடி கூலர் ஒன்று வாங்கிப் போட்டால் சாதாரண ஓட்டத்துக்குத் தாராளம். என் பெண்ணே இதை ஒப்புக்கொள்வாள்.

ஆனால் அவளுக்கு சாதாரண ஓட்டம் போதவில்லை. 'ஓவர் கிளாக்' செய்ய வேண்டும் என்றாள். கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி சிப்பை ஓட்டுவதற்குத்தான் அந்தப் பேர். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் உண்டு. 1998-ல் இன்டெல்லின் செலரான் 300ஏ என்கிற மலிவு சிப் வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றதைப் பிள்ளைகள் 450-க்கு ஓட்டிக் காட்டினார்கள். அதைவிட விலை கூடின சிப்பின் வேகம் ஓசியில் கிடைத்தது. அதிலிருந்து பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. இப்போது இன்டெல்லே, பேருக்குப் பின்னால் 'கே' என்று போட்ட சிப்புகளை, நீங்களே வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பூட்டுப் போடாமல் விற்கிறது. எங்களுடையது அப்படி ஒரு 'கே' சிப்.

வேகத்தைக் கூட்டினால் சும்மா இருக்குமா? கூடுதல் வேகத்துக்குத் தடுமாறாமல் ஓட, கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. சூடு, வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் இருமடிப் பெருக்கமாக ஏறும். என் பெண் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எனக்குப் போட்டுக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். 4.3-லிருந்து 4.8-க்கு வேகம் ஏற்றினால் 12 சதவீதம் கூடுதல். அதற்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.3-க்கு ஏற்றினால் அதன் பங்கு 17 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் சூடு 31 சதவீதம் கூடுகிறது. வேகத்தில் 12, சூட்டில் 31! 'என்னடி இது, வட்டிக்காரன் கணக்கா இருக்கே' என்றேன். 'அதுக்குத்தாம்மா தண்ணி' என்றாள்.

தண்ணீர் ஏன் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தை பாலுக்கு அழும்போது கொதித்த பாலை விசிறிக்கொண்டா உட்காருவோம்? பாத்திரத்தைத் தண்ணீர் உள்ள குண்டானில் வைப்போம். இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் சூட்டை வாங்க, சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். சிப்போ நம் தபால் தலை அளவுதான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து 150 வாட் சூட்டை அள்ளி எடுக்க வேண்டும். இரண்டு பழைய சீலிங் ஃபேனுக்கு ஆகும் கரண்ட் முழுக்க ஒரு தபால் தலையில் சூடாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் கேட்டதும் சிரித்தார். 'பட்டறையில இரும்பைக் கடையறப்ப டூல் மேல வெள்ளையா பால் மாதிரி கூலன்ட் ஊத்திக்கிட்டே இருக்கோமே, அதே வேலைதான். என்ன, இங்கே நேரா ஊத்தாம மூடின குழாய்க்குள்ள ஓட்டணும்' என்றார். அப்புறம் அப்பாவும் பெண்ணும் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு வேறு வழி?

அமைப்பு சுலபம்தான். சிப்பின் மேல் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதற்குள்ளே வாய்க்கால் மாதிரி சின்னச் சின்னக் காடிகள். பம்பு தண்ணீரை அதற்குள் தள்ளும். சூட்டை வாங்கிய தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்றில் ஆறும். திரும்பவும் தொட்டிக்கு வந்து பம்புக்குப் போகும். காரில் இன்ஜினுக்கு இருப்பதும் இதேதான்.

செம்புக் கட்டி ஓசூர் பட்டறையில் தயாரானது. 50 மில்லிமீட்டர் சதுரம், 12 மில்லிமீட்டர் கனம். காடி வெட்டுவதுதான் பெரும்பாடு. இரும்பு மாதிரி செம்பு பொடிப்பொடியாக வராதாம். ஜவ்வு மாதிரி இழுத்து டூலில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. மேலே கனமான அக்ரிலிக் மூடி, நடுவில் ரப்பர் வளையம், எட்டு ஸ்குரூ. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிப்போடு பொருந்தாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து, தண்ணீர் தெளித்து, 220-ல் ஆரம்பித்து 1200 நம்பர் வரை தேய்க்க வேண்டும். அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. இரண்டு சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்துப் பழகின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது.

ரேடியேட்டர் விஷயத்தில் கவனம் தேவை. காயலான் கடைக்காரர் பழைய கார் ரேடியேட்டர் ஒன்றைச் சல்லிசாகத் தருவதாகச் சொன்னார். பெண் வேண்டாம் என்றுவிட்டாள். அது அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, ஒருநாள் ஊசி முனை அளவு ஓட்டை விழும். அதனால் எஸ்.பி. ரோட்டிலேயே தேடி, கம்ப்யூட்டருக்கென்றே செய்த பித்தளை, செம்பு ரேடியேட்டராகப் பார்த்து வாங்கினாள். பழசுதான். உள்ளே பற்றவைத்த அழுக்கு இருக்கும் என்று சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். முதல் நாலு தடவை வந்த தண்ணீரைப் பார்த்தால் சுக்கு காபி என்றே சொல்வீர்கள்.

பம்புக்கு, மீன் தொட்டியில் போடும் பம்பு போதும் என்று சிலர் சொன்னார்கள். ஆரம்ப காலத்தில் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது 230 வோல்ட் கரண்டை நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டுபோகிறது. அதோடு, அதற்குத் தனி சுவிட்ச். ஒருநாள் போட மறந்தால் கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். கம்ப்யூட்டரின் பெட்டியிலிருந்தே 12 வோல்ட் எடுத்து, அது ஓடும்போது தானும் ஓடி, நிற்கும்போது தானும் நிற்கும் பம்புதான் வீட்டுக்கு நல்லது. பிள்ளைகள் ஆயிரம் சொல்லட்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் நாலு நாள் பால் குக்கரை வைத்தாலே வெள்ளையாக உப்புப் படியும். இந்த இரண்டு மாவட்டத் தண்ணீரின் குணம் ஊரறிந்தது. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த உப்பு, ஒரு மில்லிமீட்டர் காடிக்குள் படிந்தால் என்ன ஆகும்? ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 'சுத்தமான தண்ணியில கரண்ட் பாயாது, ஒழுகினாலும் ஒண்ணும் ஆகாது' என்பார்கள். கேனில் இருக்கும்வரை அது ஓரளவு நிஜம். குழாயில் ஓட ஓட உலோகத்தையும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு, வெளியே வந்து போர்டில் உள்ள தூசியோடும் கலந்தால், சாதாரணத் தண்ணீர் மாதிரியே கரண்டைக் கடத்தும். அதை நம்பி அஜாக்கிரதையாக இருந்துவிடாதீர்கள்.

குழாய் கறுப்பு ரப்பராகப் பார்த்துப் போட்டாள். கண்ணாடிக் குழாய்தான் அழகு, கலர் லைட் போட்டால் ஜொலிக்கும். ஆனால் வெளிச்சம் படும் தண்ணீரில் பாசி பிடிக்கும். ஏரிக்கரையில் இருக்கிற எங்களுக்கு அது தெரியாதா?

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு உடனே கம்ப்யூட்டரைப் போட்டுவிடவில்லை. போர்டுக்கும் மற்ற பாகங்களுக்கும் கரண்ட் போகும் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து வைத்தாள். மூன்றாவது மணி நேரத்தில் ரேடியேட்டர் பக்கத்து இணைப்பின் கீழே ரூபாய்க் காசு அளவு ஈரம். கிளாம்ப் ஒன்று லூஸ். கழற்றி வேறு போட்டு, திரும்பவும் முதலிலிருந்து 24 மணி நேரம். அந்த ராத்திரி நான் இரண்டு தடவை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பேப்பரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

இதற்கு முன்னாலேயே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொன்னேன். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கட் செய்துவிடும். கம்ப்யூட்டருக்குள் பெரும்பாலும் ஓடுவது 12 வோல்ட்தான், ஒழுகினால் பாகங்கள்தான் போகும். ஆனால் பவர் சப்ளை பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. எப்போதாவது ஈரம் கண்டால் கம்ப்யூட்டரைத் தொடாமல், முதலில் மெயினை அணைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும், மாமியார் உட்பட, இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி என் பங்குக்கு நான் சொன்ன யோசனை. ரேடியேட்டரை மேஜைமேல், கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைக்கத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். அவள் அறை பத்துக்கு எட்டு அடி. அடுப்படியை ஒட்டினது. 'ஏண்டி, சிப்பிலேருந்து எடுத்த சூட்டை எங்கே விடப்போறே?' என்றேன். 'காத்துல விட்டுடும்மா.' 'எந்தக் காத்துல? இந்த ரூம் காத்துலதானே? அப்புறம் அதே ரூம்ல நீ உக்காந்து வேலை பாக்கணும், அதே காத்தை ஃபேன் இழுத்து அதே தண்ணியை ஆத்தணும். வேர்க்கறது உனக்குத்தானே?' அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை.

தண்ணீர் சூட்டைத் தின்று ஏப்பம் விடுவதில்லை, சகோதரிகளே. ஒரு இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் இறக்குகிறது, அவ்வளவுதான். 'கூலிங்' என்ற பேரைக் கேட்டு, அறை குளுகுளு என்று ஆகிவிடும் என நினைத்துவிடுகிறோம். சிப் ஆறும், அறை ஆறாது. எட்டு மணி நேரம் அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி ஓரமாக எரிந்துகொண்டே இருக்கும். அடுப்படியில் நின்று பழகின நமக்கு இது சட்டென்று புரிகிறது. அதனால்தானே புகைபோக்கி, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம். தண்ணீரின் பெரிய வசதியே சூட்டைத் தூரமாகக் கொண்டுபோக முடியும் என்பதுதான். காற்றாடி கூலரால் அது முடியாது. கடைசியில் ஐந்தடிக் குழாய் போட்டு, ரேடியேட்டரை ஜன்னலில் பொருத்தி, ஃபேன் காற்று வெளியே போகிற மாதிரி திருப்பி வைத்தோம். சிப்பின் சூடு இப்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகிறது. மாடு ஒன்றும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்து யோசனைகளுக்கும் குறைவில்லை. எதிர்வீட்டு அக்கா, 'அந்த டப்பாவைத் தூக்கி ஃப்ரிட்ஜில வெச்சிடேன், கண்ணு' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ரிட்ஜ், வைத்த காய்கறியை மெதுவாகக் குளிரவைக்கத்தான் செய்தது. உள்ளே 150 வாட் சூடு விடாமல் வந்துகொண்டிருந்தால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடித் திணறும். இன்னொன்று, அறைச் சூட்டைவிடத் தண்ணீர் குளிர்ந்துபோனால், ஐஸ் தண்ணி சொம்புக்கு வெளியே வேர்க்கிறதே, அது மாதிரி சிப்பைச் சுற்றி வேர்க்கும். கம்ப்யூட்டருக்குள் அந்த வேர்வை வேண்டவே வேண்டாம். நம் அமைப்பில் தண்ணீர் ஒருநாளும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. அதுவே ஒரு பாதுகாப்பு.

மாமியார் சொன்னதுதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. 'மண்பானையில ஊத்தி ஓட்டுங்களேன். சித்திரையில கூட சில்லுனு இருக்குமே' என்றார். பெண், 'ஆயா சொல்றது சரிதாம்மா' என்றாள். பானையில் கசிந்து ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆலைகளில் உயரமாகக் கூலிங் டவர் கட்டி, தண்ணீரைத் தூவிவிட்டு ஆறவைப்பதும் இதே வித்தைதான். வெளிநாட்டில் சிலர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே குழாயில் ஷவர் வைத்து இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களாம். வறண்ட காற்று அடிக்கும் எங்கள் ஊருக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தினமும் தண்ணீர் குறையும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூசியும் கொசுவும் வரும். உப்பு மட்டும் மிஞ்சி மிஞ்சிக் கெட்டியாகும். அதனால் பானை, குடிக்கிற தண்ணீருக்கே இருக்கட்டும் என்று முடிவானது. மாமியாருக்கு அதில் வருத்தமில்லை, பேத்தி சரி என்று சொன்னதே போதும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மே மாதம், அறையில் 36 டிகிரி. முழு ஓட்டத்தில் சிப் 82-ல் நின்றது. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தைக்குக் குளிக்க ஊற்றும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு சுற்று வந்தால் ஒரு டிகிரிதான் ஏறுகிறதாம். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் ஓடுவதால், ஒரு டிகிரியிலேயே 140 வாட் போல தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நேரம்? எட்டு மணி நேரம் ஆறானது. ஆனால் இதில் ஓவர் கிளாக்கின் பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் போட்டு, வேகத்தைக் கூட்டாமல், கம்பெனி வேகத்திலேயே ஓட்டியபோது ஆறே முக்கால் மணி. வேகத்தைக் கூட்டியதால் கிடைத்தது கூடுதலாக முக்கால் மணி மட்டுமே. அதற்குத்தான் அந்த 31 சதவீத சூடும், கரண்டும். என் கணக்கில், சூட்டில் நொண்டாமல் ஓடவைத்ததே பெரிய லாபம். மேலே ஏற்றியது ஆசைக்கு. அவசரமில்லாத நாளில் ஏற்றாமலே ஓட்டு என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டுகிறாள், செய்கிறாளா தெரியாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். செம்பு 600, பட்டறைக் கூலி 800, ரேடியேட்டர் 1,500, பம்பு 1,200, குழாயும் கிளாம்பும் 520, தண்ணீர் 150, பேஸ்ட் 350. மொத்தம் 5,120 ரூபாய். ஆர்.சி.சி.பி.யை நான் இதில் சேர்க்கவில்லை, அது வீட்டுக்கு எப்படியும் வேண்டியது. பட்டறை தெரிந்தவர் இல்லாதவர்கள், கம்பெனியில் மூடி சீல் வைத்தே வரும் தண்ணீர் கூலர் வாங்குவது உத்தமம். விலை கூட, ஆனால் ஒழுகும் பயம் குறைவு. பையன் பைக்குக்கு அலாய் வீல் போட்டால் பேசாத சொந்தக்காரர்கள், 'பொட்டைப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று இதற்குக் கேட்டார்கள். அவள் சம்பாதித்த பணம், அவள் மெஷின் என்று வீட்டுக்காரரே பதில் சொல்லிவிட்டார்.

இது ஏதோ வீட்டு விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். ஐ.பி.எம். கம்பெனி 1980-ல் வெளியிட்ட 3081 என்ற பெரிய கம்ப்யூட்டருக்கே தண்ணீர்க் குளிர்ச்சிதான். 1985-ல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், கரண்டைக் கடத்தாத ஒரு திரவத்தில் போர்டுகளை முழுக்க முக்கியே வைத்திருந்தது. நம் நாடு 1989-ல் வானிலைக் கணிப்புக்காக டெல்லியில் ஒரு கிரே கம்ப்யூட்டரை நிறுவியது. அப்புறம் நாமே செய்யலாம் என்று புனேயில் சி-டாக் நிறுவனம் 1991-ல் 'பரம் 8000' செய்தது. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25-ல் தொடங்கிவைத்த 'பரம் பொருள்'. 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு! திருச்சி வெயிலில் அதை ஆறவைக்க ஏ.சி. காற்றை மட்டும் நம்பவில்லை. சிப்புகளின் மேலேயே திரவத்தை ஓட்டும் முறையைத்தான் வைத்திருக்கிறார்கள். கரண்ட் செலவு குறையும் என்பதே காரணம். அதே தத்துவம்தான், எங்கள் வீட்டு ஜன்னலிலும்.

கடைசியாக, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முக்கியமான ஒன்று. கடைகளில் இதற்கென்றே கலர் கலராகக் கூலன்ட் விற்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம். பாட்டிலைப் பார்த்தால் ரோஸ்மில்க், நன்னாரி சர்பத் என்றுதான் தோன்றும். சிலவற்றில், கார் கூலன்டில் போடும் எத்திலீன் கிளைக்கால் என்ற சரக்கு இருக்கும். அது விஷம். அதோடு, தித்திக்கும்! குழந்தை ஒரு வாய் குடித்தால் நிறுத்தாது, நாய் பூனையும் அப்படித்தான். சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். குடித்தது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கலர் சரக்கே கூடாது என்றுவிட்டேன். டிஸ்டில்டு வாட்டரோடு, பாசிக்கும் துருவுக்கும் என்று கம்ப்யூட்டர் கடையில் விற்கும் மருந்து சில சொட்டு, அவ்வளவே. அந்தச் சின்னப் புட்டியும் அலமாரியில் மேல் தட்டில், மாத்திரைகளோடு இருக்கிறது. கலந்தது மிஞ்சினால் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் இருக்காது, அவளுக்கும் வேலை குறைவு. அப்போது மாற்றுவதாகத் தேதி குறித்து, பம்புமேலேயே பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, பாரூர்.